பீங்கான் ஊரும் தெருப்புழுதியும்

கார்த்திகைக்குச் சில வாரங்கள் முன்பே விருத்தாசலம் செராமிக் தொழிற்பேட்டையில் அகல் விளக்குகள் பெட்டிகளில் ஏறத் தொடங்கிவிடும். நவராத்திரிக்குக் கொலு பொம்மை, மற்ற நாளெல்லாம் பியூஸ் கேரியரும் இன்சுலேட்டரும். தமிழ்நாட்டில் எத்தனையோ வீடுகளின் மின்பெட்டிக்குள் இந்த ஊர்ச் சூளையில் வெந்த பீங்கான் உட்கார்ந்திருக்கிறது. நெய்வேலிச் சுரங்கங்களில் பழுப்பு நிலக்கரிக்கு மேலே படிந்திருக்கும் வெள்ளைக் களிமண் கைக்கெட்டும் தூரத்தில் கிடைத்தது. கடலூர், சேலம், திருச்சி, விழுப்புரம் என்று நான்கு திசைக்கும் பாதை பிரியும் ரயில் சந்திப்பு இருந்தது. அரசு தொழிற்பேட்டை அமைத்தது, செராமிக் பட்டயப் படிப்புக்கென்று ஒரு கல்வி நிறுவனத்தையும் தொடங்கியது. பழமலைநாதர் கோயிலுக்கும் மாசி மகத்துக்கும் பெயர்போன திருமுதுகுன்றம் என்னும் விருத்தாசலம் பீங்கான் ஊராகவும் ஆனது இப்படித்தான்.

இந்த ஊரின் தெருக்களையும் வண்டி நிற்கும் திடல்களையும் யார், எதைக்கொண்டு, எப்படிக் கூட்டவேண்டும் என்பதே இங்கே எடுத்துக்கொண்ட கேள்வி. தெருக்கூட்டுதலைப் பற்றி அரை நூற்றாண்டாக நடந்துவரும் ஆராய்ச்சியையும், சிலிக்காத் தூசியைப் பற்றி மருத்துவம் அறிந்திருப்பதையும் சேர்த்துப் படித்தால் ஒன்று புலப்படும்: மற்ற ஊர்களுக்கு அழகுப் பிரச்சினையாகத் தோன்றுவது பீங்கான் ஊருக்கு நுரையீரல் பிரச்சினை. நம் ஊர்களில் தெருச் சுத்தத்தைக் கண்ணால் அளக்கிறோம். காகிதம் இல்லை, பிளாஸ்டிக் இல்லை, தொட்டி வழியவில்லை என்றால் தெரு சுத்தம். கண்ணுக்குப் படாத துகளைக் கணக்கில் எடுக்கும் கூட்டுமுறைதான் விருத்தாசலத்துக்கு வேண்டும் என்பது என் துணிபு. அதற்கான காரணங்களை ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

முதலில் தூசியின் உள்ளடக்கம். பீங்கான் கலவைக்குப் பாடப்புத்தகம் சொல்லும் அளவு எளிது: பாதி களிமண், கால் பங்கு ஃபெல்ட்ஸ்பார், கால் பங்கு குவார்ட்ஸ். பின்னவை இரண்டும் கரூர், நாமக்கல் போன்ற மாவட்டங்களின் பாறைகளில் கிடைப்பவை. குவார்ட்ஸ் என்பது படிக சிலிக்கா. கல்லாகக் கிடக்கும்வரை அதனால் யாருக்கும் கேடில்லை. மாவாக அரைபட்ட பிறகுதான் ஆபத்து. மனிதத் தலைமுடியின் தடிமன் ஏறக்குறைய 70 மைக்ரான். 10 மைக்ரானுக்குக் குறைந்த துகள் மூச்சுக்குழலைத் தாண்டி இறங்கும், 4 மைக்ரான் அளவிலானது நுரையீரலின் காற்றுச் சிற்றறை வரை போகும். அங்கே அதை விழுங்கவரும் பாதுகாப்பு அணுக்கள் அதைச் செரிக்க முடியாமல் தாமே மடிகின்றன. மடிந்த இடத்தில் தழும்பு விழுகிறது. தழும்பு கூடக்கூட நுரையீரல் விரியும் சக்தியை இழக்கிறது. இதுதான் சிலிகோசிஸ். வந்த தழும்பை மாற்ற மருந்து கிடையாது. இந்நோய் கண்டவருக்குக் காசநோய் தொற்றும் வாய்ப்பும் பெருகும். எக்ஸ்ரேயில் இரண்டும் ஒன்றுபோலத் தெரிவதால், சிலிகோசிஸ் நோயாளி காசநோய் மாத்திரையை மட்டும் விழுங்கிக்கொண்டு காலத்தைக் கழிப்பது இந்தியாவில் பல இடங்களில் நடந்திருக்கிறது. 1997இல் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை, வேலையிடத்தில் சுவாசிக்கப்படும் படிக சிலிக்காவை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குவது உறுதி என்ற முதல் தொகுதியில் சேர்த்தது. இங்கிலாந்தின் பீங்கான் நகரமான ஸ்டோக்-ஆன்-ட்ரெண்டில் இந்த மார்புநோய்க்கு மக்கள் குயவர் நோய் என்றே பெயர் வைத்திருந்தார்கள். இந்தியாவில் குஜராத்தின் தான்கட் பீங்கான் தொழிலாளர்களிடையே சிலிகோசிஸ் பற்றிய வழக்குகளும் போராட்டங்களும் நீண்டகாலமாக நடக்கின்றன.

ஈரக் களிமண் தூசி தராது. அச்சில் ஊற்றும் கூழும் சக்கரத்தில் சுழலும் பிசைந்த மண்ணும் யாருடைய மார்புக்கும் போவதில்லை. சிந்திய கூழ் தரையில் காய்கிறது, காய்ந்ததைக் கால் மிதித்துப் பொடியாக்குகிறது, பொடியை யாரோ ஒருவர் உலர்ந்த துடைப்பத்தால் கூட்டுகிறார். இந்த மூன்றாவது படியில்தான் காற்றில் தூசி உச்சத்துக்கு ஏறும். காய்ந்த பாண்டத்தின் ஓரத்தைத் தேய்த்துச் சீராக்கும் இடம், உலர் கலவையை மில்லில் கொட்டும் இடம் ஆகியவற்றோடு தரை கூட்டும் வேலையையும் தூசி மிகும் வேலைகளின் வரிசையில் தொழில்நல வல்லுநர்கள் வைப்பது இதனால்தான். அமெரிக்கா 2016இல் கொண்டுவந்த சிலிக்கா விதி, எட்டு மணி நேர வேலையின் சராசரியாக ஒரு கனமீட்டர் காற்றில் 50 மைக்ரோகிராமுக்கு மேல் சிலிக்கா இருக்கக்கூடாது என்றது. கூடவே, ஈரமாகத் துடைக்கவோ நுண்வடிகட்டி பொருத்திய உறிஞ்சியால் எடுக்கவோ வழியிருக்கும் இடத்தில், தொழிலாளி தூசியை மூச்சில் வாங்க நேரும்படி உலர்ந்த துடைப்பத்தால் கூட்டுவதைத் தடைசெய்தது.

நம் சட்டம் என்ன சொன்னது? 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம் தன் 11ஆம் பிரிவில், வேலைக்கூடத்து அழுக்கைத் தினமும் கூட்டியோ வேறு தக்க முறையிலோ அகற்றவேண்டும், வாரம் ஒருமுறையாவது தரையைக் கழுவவேண்டும் என்றது. பஞ்சாலைக்கும் அச்சகத்துக்கும் பொருந்தும் நல்ல விதி. பீங்கான் கூடத்தில் மட்டும், கூட்டியோ என்ற சொல்லைவிட வேறு தக்க முறையிலோ என்ற சொற்கள்தான் உயிர் காக்கும். அதே சட்டம் சிலிகோசிஸை அரசுக்குத் தெரிவித்தே ஆகவேண்டிய நோயாக வைத்தது, 1987இல் சேர்த்த அபாயத் தொழில் பட்டியலில் கண்ணாடியையும் பீங்கானையும் இட்டது. ஆனால் அந்தச் சட்டப்படி, மின்சாரம் பயன்படுத்தும் கூடத்தில் 10 பேர் வேலை செய்தால்தான் அது தொழிற்சாலை ஆனது. குடும்பத்தோடு நாலைந்து பேர் சேர்ந்து நடத்தும் பொம்மைக் கூடமும் விளக்குக் கூடமும் அந்த வரையறைக்கு வெளியே நின்றன. வீட்டுத் திண்ணையும் வேலைத்தலமும் ஒன்றான அந்த இடங்களில் வாசலைக் கூட்டுவதே தூசியைக் கிளப்புவதாக ஆகிவிடுகிறது.

கூடத்துத் தரையிலிருந்து தெருவுக்கு இந்த மாவு வருவது லாரிச் சக்கரத்தில். மூட்டை இறக்கும் முற்றத்தில் சிந்தியது டயரில் ஒட்டிக்கொண்டு வாயிலைத் தாண்டுகிறது. தார்ப்பாய் சரியாகக் கட்டாத வண்டியிலிருந்து வழியெங்கும் கொட்டுகிறது. தெருவில் ஏற்கெனவே இருக்கும் மண், மணல், டயர்த்தூள், கட்டுமானச் சிமெண்ட் ஆகியவற்றோடு கலக்கிறது. தெருமண்ணிலும் இயல்பாகவே குவார்ட்ஸ் உண்டு, மணல் என்பதே பெரும்பாலும் குவார்ட்ஸ்தான். ஆனால் மணல் கரடு, அது மூக்கோடு நின்றுவிடும். மில்லில் அரைபட்ட மாவு அப்படியல்ல. காற்று அசையாத இடத்தில் ஒன்றரை மீட்டர் உயரத்திலிருந்து 10 மைக்ரான் குவார்ட்ஸ் துகள் தரைக்கு வர ஏறத்தாழ மூன்று நிமிடம் போதும். அதுவே 1 மைக்ரான் துகளாக இருந்தால் நான்கைந்து மணி நேரம் ஆகும். அதற்குள் பத்து லாரி போய்விடும், விழவேண்டியது மறுபடி எழும்பிவிடும். கத்திரி வெயிலிலும் ஆடிக்காற்றிலும் இந்தச் சுழற்சி ஓய்வதே இல்லை.

சாலைத் தூசி எவ்வளவு எழும்பும் என்பதற்கு அமெரிக்கச் சுற்றுச்சூழல் முகமை ஒரு சூத்திரம் வைத்திருக்கிறது. உலகின் பல நாடுகளும் அதையே எடுத்தாள்கின்றன. அதில் இரண்டே காரணிகள்: சாலையின் ஒவ்வொரு சதுரமீட்டரிலும் கிடக்கும் 75 மைக்ரானுக்குக் குறைந்த நுண்மண்ணின் எடை, அதன் மேல் ஓடும் வண்டிகளின் சராசரி எடை. வண்டி எடை இருமடங்கானால் தூசியும் ஏறத்தாழ இருமடங்காகும். நுண்மண்ணைப் பாதியாகக் குறைத்தால் எழும் தூசி ஏறக்குறைய 47 சதவீதம் குறையும். லாரிகளின் எடையை நகராட்சியால் குறைக்க முடியாது. கரும்பு வண்டியும் நெல் லாரியும் களிமண் லாரியும் இவ்வூரின் வாழ்வாதாரம். மீதியிருப்பது நுண்மண் ஒன்றுதான். தெருக்கூட்டுதலுக்கு அறிவியல் தரும் மிக வலுவான ஆதாரம் இதுவே. அதே சூத்திரம் ஒரு நிபந்தனையும் விதிக்கிறது. காகிதத்தையும் இலையையும் எடுத்துவிட்டு நுண்மண்ணை விட்டுவிட்டால் தூசி ஒரு துளியும் குறையாது.

இந்த நிபந்தனையில்தான் தெருக்கூட்டுதல் பலமுறை தோற்றிருக்கிறது. 1972இல் சார்ட்டர், பாய்ட் என்ற இருவர் அமெரிக்க நகரங்கள் பலவற்றின் தெரு அழுக்கை அள்ளி எடைபோட்டு வெளியிட்ட ஆய்வு இத்துறையின் அடிப்படை நூலாக இன்றும் நிற்கிறது. அழுக்கின் 78 சதவீதம் சாலையோரக் கல்லிலிருந்து 15 சென்டிமீட்டருக்குள் கிடந்தது. 43 மைக்ரானுக்குக் குறைந்த நுண்துகள் மொத்த எடையில் 6 சதவீதம்தான், ஆனால் கன உலோகங்களில் பாதிக்கு மேல் அந்த 6 சதவீதத்தில் ஒட்டியிருந்தது. அன்றைய தூரிகை இயந்திரங்களோ அந்த நுண்துகளில் 85 சதவீதத்தைத் தெருவிலேயே விட்டுச் சென்றன. 1983இல் முடிந்த அமெரிக்காவின் நகர மழைநீர் ஆய்வுத் திட்டம், தெருக்கூட்டுதலால் மழைநீரின் தரம் பெரிதாக உயரவில்லை என்றே முடிவு கூறியது. அந்த வரியை மட்டும் பிடித்துக்கொண்டு, கூட்டுவதே வீண் செலவு என்று வாதிட்டவர்கள் உண்டு. அது தவறான வாசிப்பு. அன்றைய இயந்திரம் பெரியதை எடுத்துச் சிறியதை விட்டது, தோற்றது அந்த முறைதான். பின்னால் வந்த காற்றுறிஞ்சி இயந்திரங்கள் நுண்துகளை முன்னவற்றைவிட நன்றாக எடுக்கின்றன. நாம் கேட்கவேண்டியது தெருவைக் கூட்டினார்களா என்பதல்ல, நுண்மண் குறைந்ததா என்பதே.

இந்தியாவில் இந்த விவாதம் டெல்லியில் தொடங்கியது. ஐஐடி கான்பூர் 2016இல் அளித்த அறிக்கை, டெல்லியின் பிஎம்10 (10 மைக்ரான் வரையான துகள்) உமிழ்வில் 56 சதவீதமும் பிஎம்2.5 (2.5 மைக்ரான் வரையான துகள்) உமிழ்வில் 38 சதவீதமும் சாலைப் புழுதி என்று கணக்கிட்டது. 2019இல் தேசியத் தூய காற்றுத் திட்டம் தொடங்கியபோது இந்த எண்கள் எல்லார் கையிலும் இருந்தன. விளைவாக, நகரங்கள் போட்டி போட்டுக்கொண்டு கூட்டும் இயந்திரங்கள் வாங்கின. அறிவியல் மற்றும் சுற்றுச்சூழல் மையம் 2024இல் செய்த மதிப்பீட்டில், அத்திட்டத்தின் நிதியில் 64 சதவீதம் சாலைத் தூசிக்கே போயிருந்தது. தொழிற்சாலைப் புகைக்குச் சென்றது 1 சதவீதத்துக்கும் குறைவு. புகையை விட்டுப் புழுதியைத் துரத்துகிறோம் என்ற அந்த விமர்சனம் டெல்லிக்குப் பொருந்தும். விருத்தாசலத்தில் நிலைமை வேறு. தூசியிலேயே நஞ்சுள்ள ஊர் இது. தொழிற்சாலை முற்றமும் தெருவும் இங்கே ஒரே தொடர்ச்சி. ஒன்றை விட்டு ஒன்றைச் சுத்தம் செய்ய முடியாது.

இயந்திரம் வாங்கினால் போதுமா? கடலூர் சாலை, சேலம் சாலை, ஜங்ஷன் சாலை போன்ற அகலச் சாலைகளுக்கு அது உதவும், அதுவும் சாலையோரம் கல் பதித்து முடித்திருந்தால். நம் ஊர்ச் சாலைகளின் பெருங்குறை, தார் முடிந்த இடத்தில் தொடங்கும் வெற்று மண் ஓரம். எதிரே பேருந்து வந்தால் இருசக்கர வண்டி அந்த மண்ணில் இறங்கி ஏறுகிறது, ஏறும்போது மண்ணைத் தாரின்மேல் கொண்டுவந்து போடுகிறது. காலையில் எவ்வளவு உறிஞ்சினாலும் மதியத்துக்குள் பழைய நிலைமை. ஆகவே தெருக்கூட்டும் செலவில் ஒரு பகுதி சாலையோரத்தைத் தளமிடுவதற்குப் போகவேண்டும் என்பேன். அதற்கும் ஒரு முட்டுக்கட்டை இருக்கிறது. ஊருக்குள் ஓடும் பெரிய சாலைகள் நெடுஞ்சாலைத் துறைகளுடையவை, அவற்றில் சேரும் குப்பை நகராட்சியுடையது. ஓரத்தைத் தளமிடுபவர் ஒருவர், கூட்டுபவர் இன்னொருவர் என்றிருக்கும்வரை மண் இருவருக்கும் நடுவில் கிடக்கும்.

கோயிலைச் சுற்றிய வீதிகளுக்கும் கடைவீதிச் சந்துகளுக்கும் மனிதக் கைதான் வழி. அதில் குறையொன்றும் இல்லை, முறை சரியாக இருந்தால். இந்த மாவட்டத்திலேயே இருக்கும் திருவதிகையில் திலகவதியார் வைகறையில் கோயிலை அலகிட்டு மெழுகினார் என்பது பெரியபுராணம் சொல்லும் வரலாறு. அலகிடுதலும் மெழுகுதலும் அங்கே சேர்ந்தே வருகின்றன: உலர்ந்த கூட்டலும் ஈரத் துடைப்பும். நம் வீடுகளிலும் மண்வாசலை வெறுமனே விளாசிக் கூட்டும் வழக்கம் கிடையாது, தண்ணீர் தெளித்து மண் அமர்ந்த பிறகுதான் துடைப்பம் எடுப்பார்கள். தெருவுக்கு வந்ததும் அந்த அறிவை விட்டுவிட்டோம். தென்னந்துடைப்பத்தால் தார்ச்சாலையை உலரக் கூட்டும்போது எழும் புழுதியில் கூட்டுபவரின் தலை மறைகிறது. கொட்டவேண்டியதில்லை, தெளித்தால் போதும். சேறாகும்படி ஊற்றினால் மண் தளத்தோடு ஒட்டிக் காய்ந்து மறுநாள் மீண்டும் பொடியாகும். கோடையிலும் இதற்குக் குடிநீர் தேவையில்லை, சுத்திகரித்த கழிவுநீர் போதும்.

கூட்டியதை எங்கே தள்ளுவது என்பது அடுத்த சிக்கல். நம் ஊர்களில் சாலையை ஒட்டியே திறந்த சாக்கடை ஓடுவதால் கை தானாக அந்தப் பக்கம் போகிறது. சுந்தரர் திருமுதுகுன்றத்தில் பெற்ற பொன்னை மணிமுத்தாற்றில் இட்டுத் திருவாரூர்க் கமலாலயத்தில் எடுத்தார் என்பார்கள். நாம் சாக்கடையில் இட்ட மண்ணை ஐப்பசி மழையில் அதே மணிமுத்தாற்றில் எடுக்கிறோம். மண் அடைத்த வடிகால் மழைநீரைத் தெருவிலேயே நிறுத்துகிறது. நின்ற நீர் தார்ச்சாலையைப் பெயர்க்கிறது, பெயர்ந்த சாலை மேலும் மண்ணைத் தருகிறது. 2015ஆம் ஆண்டு வெள்ளத்தில் கடலூர் மாவட்டம் பட்ட பாட்டுக்குப் பெருமழையே காரணம் என்றாலும், வடிகால் திறந்திருந்த தெருவும் அடைத்திருந்த தெருவும் எந்த மழையிலும் ஒரே மாதிரி வடிவதில்லை. வடிகாலில் தூர்வாரிய சேற்றைச் சாலையோரத்தில் குவித்துக் காயவிடும் பழக்கமும் ஒழியவேண்டும். காய்ந்தால் அது நுண்மண்தான், மறுபடி சாலைக்கு வரும். கூட்டிய சருகைக் கொளுத்துவது பற்றிப் பேசவே வேண்டாம். திறந்தவெளியில் குப்பை எரிப்பதை 2016 டிசம்பரிலேயே தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் தடைசெய்து அபராதமும் விதித்துவிட்டது.

நுண்மண்ணைச் சரியாக எடுத்தால் வேறு சிறு நன்மைகள் பலவும் உண்டு. வளைவுகளில் சிதறிய மணலில் இருசக்கர வண்டி சறுக்குவது குறையும், கடைச் சரக்கில் படியும் தூசி குறையும், வடிகால் தூர்வாரும் செலவு இறங்கும்.

வண்டி நிற்கும் திடல்களை நான் தனியாகச் சொல்லவேண்டும். தெருவைக் கூட்ட ஏதோ ஓர் ஏற்பாடு இருக்கும், திடல்களுக்கு அதுவும் இராது. பேருந்து நிலையம், ரயில் நிலையத்து இருசக்கர வாகன ஸ்டாண்ட், நிலக்கடலையும் நெல்லும் வந்திறங்கும் ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்து முற்றம், தொழிற்பேட்டையில் லாரி ஏற்றி இறக்கும் இடங்கள் என்று ஊரின் நுண்மண் கிடங்குகள் இவைதான். ஓடும் சாலையில் வண்டிகள் மண்ணை ஓரத்துக்கு விசிறித் தள்ளுகின்றன. நிற்கும் இடத்திலோ மெதுவாகத் திரும்பும் சக்கரம் மண்ணை அரைக்கிறது, ஒழுகிய எண்ணெய் அதைப் பிடித்து வைக்கிறது. ஒரு முற்றத்திலிருந்து வெளியேறும் ஒவ்வொரு வண்டியும் ஊர் முழுவதற்கும் தூசி விநியோகம் செய்கிறது. முற்றத்தை வாரம் இருமுறை உறிஞ்சியால் எடுப்பதும், வாயிலில் சக்கரம் கழுவும் தொட்டி ஒன்று கட்டுவதும், அந்த வாயிலுக்கு வெளியே ஒரு கிலோமீட்டர் சாலையைத் தினமும் கூட்டுவதைவிடப் பலன் தரும். 2016ஆம் ஆண்டின் கட்டட இடிபாட்டுக் கழிவு விதிகளும் திடக்கழிவு விதிகளும் கழிவை உண்டாக்குபவரே அதற்குப் பொறுப்பு என்ற நெறியில் நின்றன. நூறு பேருக்கு மேல் கூடும் நிகழ்ச்சிக்கு மூன்று வேலைநாள் முன்பே உள்ளாட்சிக்குச் சொல்லவேண்டும் என்றுகூட அந்தத் திடக்கழிவு விதி கேட்டது. மாசி மகத் தேரோட்டத்துக்கும் தொழிற்பேட்டை முற்றத்துக்கும் அதே நெறி பொருந்தாமல் போக நியாயமில்லை.

கடைவீதியில் வேறு ஒரு தடை. அழுக்கில் முக்கால் பங்கு கிடக்கும் அந்தப் 15 சென்டிமீட்டரின் மேல்தான் வண்டிகள் நிற்கின்றன. நியூயார்க் 1950இல் இதற்கு ஒரு வழி கண்டது: ஒரு நாள் இந்தப் பக்கம், மறுநாள் அந்தப் பக்கம் என்று வண்டி நிறுத்தத்தை மாற்றி, காலியான ஓரத்தைக் கூட்டினார்கள். ஒற்றைப்படைத் தேதி, இரட்டைப்படைத் தேதி என்ற பலகைகள் நம் கடைவீதிகளிலும் நட்டதுண்டு, ஆனால் நெரிசலுக்காக. அதே பலகையைக் கூட்டும் நேரத்தோடு இணைத்துவிட்டால் புதிதாக ஒரு ரூபாய் செலவில்லை.

இனி, கூட்டுபவர். தொழில்முறைத் தெருக்கூட்டுதல் என்ற பேச்சு எழும்போதெல்லாம் நம் நாட்டில் அது ஒப்பந்த நிறுவனம் என்றும் இயந்திரம் என்றும் சுருங்கிவிடுகிறது. சென்னை 2000இல் ஓனிக்ஸ் நிறுவனத்திடம் சில மண்டலங்களைக் கொடுத்ததிலிருந்து நிறுவனங்கள் மாறி மாறி வந்தன. 2025 ஆகஸ்டில் இராயபுரம், திரு.வி.க. நகர் மண்டலங்களைத் தனியாருக்கு விட்டதை எதிர்த்து ரிப்பன் மாளிகை வாசலில் தூய்மைப் பணியாளர்கள் பதின்மூன்று நாள் உட்கார்ந்திருந்தார்கள், 13ஆம் தேதி நள்ளிரவில் அவர்களை அப்புறப்படுத்தினார்கள். அவர்கள் கேட்டது பணி நிரந்தரமும் குறையாத சம்பளமும். தொழில்முறை என்ற சொல்லுக்கு அதைவிடச் சரியான பொருளை நான் காணவில்லை. ஆண்டுக்கு ஆண்டு ஒப்பந்தக்காரர் மாறினால், எந்தத் தெருவில் எங்கே மண் சேரும் என்று அறிந்த கைகளும் மாறிப்போகும், மார்பு எக்ஸ்ரேவைப் பத்தாண்டுக்குத் தொடர்ந்து வைத்திருக்கவும் யாரும் இருக்கமாட்டார்கள். சிலிகோசிஸ் பத்து, இருபது ஆண்டு கழித்து வெளிப்படும் நோய். பதினோரு மாத ஒப்பந்தத்தில் அதற்குப் பொறுப்பேற்பவர் யார்?

1895இல் நியூயார்க்கின் தெருத்துப்புரவு ஆணையராக வந்த கர்னல் ஜார்ஜ் வேரிங் செய்ததைப் பார்க்கலாம். குதிரைச் சாணத்தில் கால் புதையும் நகரம் அது, அரசியல் சிபாரிசில் வேலைக்கு வந்தவர்கள் கூட்டாமலே கூலி வாங்கிய காலம். வேரிங் ஆளுக்கொரு தெருப் பகுதியை வரையறுத்தார், வெள்ளைச் சீருடை கொடுத்தார், மறு ஆண்டே அவர்களை ஐந்தாம் அவென்யூவில் அணிவகுக்கச் செய்தார். சாணம் அள்ளுபவருக்கு வெள்ளை உடையா என்று கேலி செய்த நகரம் அந்த அணிவகுப்பில் கைதட்டியது. மூன்றே ஆண்டில் நகரத்தின் முகம் மாறியது. பெரிய கண்டுபிடிப்பு எதுவும் அங்கே நடக்கவில்லை. கூட்டுபவரை ஊர் மதித்தது, அவருக்குத் தெளிவான வேலையளவு கிடைத்தது.

அந்த வேலையளவு இந்தியாவுக்கும் இருக்கிறது. மத்திய அரசின் 2000ஆம் ஆண்டுத் திடக்கழிவுக் கையேடு, நெருக்கமான பகுதியில் ஒருவருக்கு 250 முதல் 350 மீட்டர், நடுத்தரப் பகுதியில் 400 முதல் 600 மீட்டர், மக்கள் குறைந்த பகுதியில் 650 முதல் 750 மீட்டர் தெரு என்று வகுத்தது. குனியாமல் கூட்டும்படி நீண்ட பிடியுள்ள துடைப்பமும் அதில் சொல்லியிருக்கிறது. இந்த அளவோடு பார்த்தால், 2011 கணக்கெடுப்பில் 73,585 பேர் வாழ்ந்த ஊருக்கு எத்தனை கைகள் வேண்டும் என்பதைத் தெரு நீளத்தை வைத்து யாரும் கணக்கிட்டுவிடலாம். பீங்கான் ஊரில் இன்னும் மூன்று சேரவேண்டும். துண்டோ துணி முகக்கவசமோ சிலிக்காவைத் தடுக்காது, என்95 வேண்டும், நனைந்தால் மாற்றும்படி போதிய எண்ணிக்கையில் வேண்டும். ஆண்டுக்கொருமுறை மார்பு எக்ஸ்ரேயும் மூச்சுத்திறன் சோதனையும் வேண்டும், தெரு கூட்டுபவருக்கும் பீங்கான் கூடத்துத் தொழிலாளிக்கும் சேர்த்து. நாக்பூரின் தெருக்கூட்டும் பணியாளர்களைப் பற்றி 2008இல் வெளிவந்த ஆய்வு, நாட்பட்ட மூச்சுக்குழல் அழற்சி அவர்களிடம் மற்ற ஊழியர்களைவிட அதிகம் என்று கண்டது. அங்கே பீங்கான் தூசிகூட இல்லை. மூன்றாவது, ராஜஸ்தான் 2019இல் சிலிகோசிஸுக்கென்றே ஒரு கொள்கை வகுத்து நோயாளிக்கு உதவித்தொகை தருவதுபோல, தமிழ்நாடும் செய்யவேண்டும்.

இவ்வூர்த் தலபுராணத்தில் ஒரு கூலிக் கதை இருக்கிறது. விபசித்து முனிவர் கோயில் திருப்பணி செய்தபோது வேலையாட்களுக்கு மாலையில் வன்னி இலையைக் கொடுப்பாராம், அவரவர் உழைப்புக்கு ஏற்ப அது பொற்காசாக மாறுமாம். அந்த வன்னி மரத்தைக் கோயிலில் இன்றும் வணங்குகிறார்கள். உழைப்பின் அளவே கூலியின் அளவு என்ற நீதியைத் தலவிருட்சமாக வைத்திருக்கும் ஊர், வைகறையில் தன் தெருவைக் கூட்டும் பெண்ணுக்கு அரசு நிர்ணயித்த குறைந்தபட்சக் கூலி பிடித்தமின்றிப் போய்ச் சேர்கிறதா என்று கேட்டுப் பார்க்கக் கடமைப்பட்டது.

கூட்டியெடுத்த தூசியின் கடைசி இடத்தையும் முடிவு செய்யவேண்டும். தொழிற்பேட்டைப் பகுதியில் வாரிய நுண்மண் நுண்உரக் கூடத்துக்குப் போகக்கூடாது. உரத்தோடு கலந்தால் அது வயலுக்குப் போய் மீண்டும் காற்றில் ஏறும். ஈரப்படுத்தி, மூடிய வண்டியில் எடுத்து, பள்ளம் நிரப்பி மேலே நல்ல மண் மூடுவதே பாதுகாப்பு. சூளையில் வேகாத உடைசலைத் தரையில் விழாமல் தட்டில் பிடித்துவிட்டால் கூழில் கரைத்து மறுபடி பயன்படுத்தலாம், முதலாளிக்கும் அது லாபம். நன்கு நடக்கும் கூடங்கள் இதைச் செய்கின்றன.

இவை எல்லாவற்றுக்கும் முன்னால் நடக்கவேண்டியது அளவெடுப்பு. அதற்கு டெல்லியிலிருந்து யாரும் வரவேண்டாம். சாலைத் தூசிச் சூத்திரம் கேட்கும் நுண்மண் என்பது 75 மைக்ரான் சல்லடையில் இறங்குவது. பீங்கான்காரர்கள் 200 மெஷ் என்று சொல்லி அன்றாடம் கூழ் வடிகட்டும் சல்லடை அதுதான். தார்ச்சாலையில் சுண்ணக்கட்டியால் ஒரு சதுரமீட்டர் வரைந்து, உறிஞ்சியால் எடுத்து, உலர்த்தி, சலித்து, எடைபோட்டால் முடிந்தது. விருத்தாசலத்திலேயே செராமிக் படிக்கும் மாணவர்கள் இதைத் தொழிற்பேட்டை வாயிலிலும் பேருந்து நிலையத்திலும் கடைவீதியிலும் தெற்கு வீதியிலும் மாதம் ஒருமுறை, கூட்டுவதற்கு முன்பும் பின்பும் எடுக்கலாம். அந்த எண்களை நகராட்சி அலுவலகத்து வாசலில், வார்டு வாரியாக, வரி கட்ட வருபவர் கண்ணில் படும் இடத்தில் ஒட்டட்டும்.